முப்பது ரூபாய்ச் சத்தம்

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், கழுத்து நிறைய இயர்போன்களை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒருவன் ஏறினான் என்றும், ஒன்று முப்பது ரூபாய் என்று கூவி விற்றான் என்றும், அதை வாங்கிக் காதில் வைத்தவர்களுக்கு எந்த ராஜாவும் கேட்டிராத நல்ல சத்தம் கேட்டது என்றும் சொன்னால், அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். "ஆமா, அந்த வருஷம்தானே எங்க வீட்டு மிக்ஸி ஊமையாச்சு" என்று தங்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். மணவூர் தவமணிக்கு மட்டும் அந்தக் கதையைச் சொல்ல வாய் வராது. அதனால் அவளுக்காக வேறு யாராவதுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியில் கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள், மாமியாரைக் கரித்துக் கொட்டுவார்கள், பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆம்பளையைப் பார்த்த பார்வையிலேயே அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். ஆயுத பூஜை வந்தால் ஜன்னல் கம்பியெல்லாம் கலர் காகிதம் சுற்றி, கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் கிண்டிக்கொண்டு வந்து, டிக்கெட் பரிசோதகர் அம்மாவுக்கும் ஒரு தொன்னை கொடுப்பார்கள். தவமணியும் ரமீஜாவும் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் சட்டை தைக்கிறவர்கள். சந்திரலேகா ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறவள். மெர்சி பெரம்பூரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எக்ஸ்ரே எடுத்து எடுத்து, எல்லாவற்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"முப்பது ரூவாய்க்கு இன்னா சவுண்டு வரும்? கல்லை டப்பால போட்டுக் குலுக்கின மாதிரி வரும்" என்று இயர்போன்காரனை மெர்சி விரட்டினாள். அவளிடம் மாதத் தவணையில் வாங்கிய ஒன்று இருந்தது. அதை வீட்டுப் பீரோவில் நகையோடு வைத்திருந்தாள்.

"கேட்டுப் பாரும்மா. வரலேன்னா திருப்பிக் கொடு" என்றான் அவன்.

அவனை அவமானப்படுத்துவதற்காகவே ஒன்றை வாங்கி, போனில் சொருகி, காதில் வைத்தாள் மெர்சி. கடம்பத்தூர் வந்தது, போனது. திருவள்ளூரில் ரயில் நின்றபோது அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"எங்க சர்ச்சுப் பாட்டுதான்க்கா, தம்பி போன்ல புடிச்சது" என்றாள். "யார் யார் எங்க நிக்கறாங்கன்னு தெரியுது. பின்வரிசைல ஸ்டெல்லாக்கா மூச்சு வாங்கறது கூடத் தெரியுது. நான் அவ்ளோ நல்லாவா பாடறேன்?"

அன்று அவன் கழுத்து மாலை முழுக்க விற்றுப்போனது. தவமணியும் ஒன்று வாங்கினாள். ஆனால் அவளுக்குப் பாட்டுக் கேட்கும் ஆசையெல்லாம் கிடையாது. அவளுக்குக் கேட்கவேண்டியிருந்தது வேறு.

அவள் புருஷன் வேதாசலம், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவன் முன்வாசலில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்றால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து நகர்வான் என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். கன்னத்தில் எந்நேரமும் புகையிலை. அந்தப் புகையிலை அவன் தொண்டையில் புற்றாக வீடு கட்டிக் குடியேற, பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்து, கழுத்தில் மூச்சுக்கு ஓர் ஓட்டை போட்டு அனுப்பினார்கள். தூசி ஆகாது, குளிர்ந்த காற்று ஆகாது என்றார்கள். மணல் லாரி ஓடும் தெரு அது. அதோடு, ஒரு பஸ்ஸையே அதட்டிய மனிதனுக்கு அந்த ஓட்டையை ஊருக்குக் காட்ட மனமில்லை. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளறைக் கட்டிலோடு இருந்துவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் தம்ளரைச் சுவரில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் ஒன்றுமில்லை, போ. விசிலுக்குப் பழகியவன் பாஷை அவ்வளவுதான்.

பிள்ளை இல்லாத வீடு. பேசாதவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று தவமணியும் பேச்சைக் குறைத்திருந்தாள். சோறு வைப்பாள், துணி மாற்றுவாள், ஓட்டையைச் சுத்தம் செய்வாள். எல்லாவற்றையும் மனசாரத்தான் செய்தாள். ஆனால் தான் வாயைத் திறந்தால் அவனுக்கு இழந்த குரல் ஞாபகம் வரும், தனக்கு அழுகை வரும் என்று அவளுக்குப் பயம்.

அவள் போனில் அவனுடைய பழைய வாய்ஸ் மெசேஜுகள் இருந்தன. டைப் அடிக்கச் சோம்பல்பட்டவன் அவன். அழிக்கத் தெரியாததால் அவள் அழிக்காமல் வைத்திருந்தவை. ரயில் திருநின்றவூரைத் தாண்டும்போது முதல் முறையாக அந்த முப்பது ரூபாய் இயர்போனில் அவற்றைப் போட்டாள்.

"தவம், மோட்டார் போட மறந்துடாத." "தவம், வர்றப்ப அரைக் கிலோ ரவை வாங்கினு வா." "தவம், மழ வர்ற மாதிரி கீது, துணிய எடுத்துடு."

அடியில் பஸ் உறுமுவது தனியாக, தோள் பையில் சில்லறை குலுங்குவது தனியாக, எங்கோ ஒரு குழந்தை ஜன்னல் சீட்டுக்கு அழுவது தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே அவன் குரல், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், புகையிலை வாசனையோடு. "தவம்" என்று சொல்லும்போது அவன் மேல்பல் கீழுதட்டில் பட்டு விலகுவது கூடக் கேட்டது. அம்பத்தூரில் இறங்க மறந்து வில்லிவாக்கம் வரை போய்த் திரும்பினாள். தாமதத்துக்குச் சூப்பர்வைசர் திட்டியது அவள் காதில் விழவே இல்லை.

கொஞ்ச நாளில் வீடுகள் அமைதியாக ஆரம்பித்தன. ரமீஜா வீட்டு கிரைண்டர் ஓடியது, மாவு அரைந்தது, சத்தம் மட்டும் இல்லை. மெர்சி வீட்டு நாய் குரைப்பதற்காக வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ரயிலில் வைத்து ஒருவருக்கொருவர் சொல்லி ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இயர்போன் வாங்கிய வீடுகளில் மட்டும்தான் இப்படி. பெரிய சத்தம் முதலில் போகிறது, சின்னது பிறகு போகிறது. நிலைப்படிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் எல்லாம் பழையபடி கேட்கிறது.

ரமீஜா இயர்போன்காரனை மடக்கிப் பிடித்தாள். "ஏண்ணா, இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?"

அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "முப்பது ரூவாய்க்கு சவுண்டை நானா செஞ்சு தர முடியும், தங்கச்சி? இருக்கற எடத்துலேர்ந்துதான் எடுக்கும்." சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான். மறுநாளும் வந்தான். மறுநாளும் விற்றது.

ஏன் வாங்கினார்கள் என்று கேட்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. முதலில் பயந்தார்கள், இரண்டு பேர் தூக்கிக்கூட எறிந்தார்கள், அப்புறம் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். குக்கரைத் தெருவில் அடுப்பு போட்டு ஏற்றினார்கள், விசிலை எண்ணவேண்டுமே. பிள்ளைகள் தெருவில் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு உள்ளே பஜ்ஜி கொடுத்து, பேச்சை வெளியே நாற்காலி போட்டுப் பேசினார்கள். சண்டை போட வேண்டுமென்றால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்ததால், பாதிச் சண்டை வாசலிலேயே வெட்கப்பட்டு நின்றுபோனது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஐயர் மந்திரத்தைத் தெருவில் சொல்லிவிட்டு, உள்ளே போய் வாயை மட்டும் அசைத்தார். தட்சணையில் ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை. வீடுகள் எவ்வளவு அடங்கினவோ அவ்வளவு தெரு கலகலத்தது.

சந்திரலேகா வீட்டில் முதலில் போனது, குடித்துவிட்டு வந்து புருஷன் கத்துகிற கத்தல். அவன் நடுக்கூடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியதை அவள் ரயிலில் நடித்துக் காட்டினாள், பெட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னும் ரெண்டு வாங்கிக்கிறேன்பா, ஸ்டாக் இருக்கட்டும்" என்றாள். ரமீஜா சிரிக்கவில்லை. அவளுடைய சின்ன மகன் காய்ச்சலில் அழுதது கேட்காமல் அவள் பக்கத்திலேயே தூங்கியிருந்தாள். அன்றிலிருந்து பிள்ளையின் கால் விரலுக்கும் தன் கை விரலுக்கும் தையல் நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவளும் இயர்போனை விடவில்லை. அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குப் பொட்டு வைத்த கையோடு, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்த இயர்போன்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள்.

"தவமணிக்கா, நீ பாத்துக் கேளு" என்று மெர்சி ஒருநாள் எச்சரித்தாள். "எந்நேரமும் காதுல மாட்டினு இருக்க."

"எங்க வூட்ல எடுக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள் தவமணி. "புள்ளையா, குட்டியா? பேசறவரு பேச்சே போயிடுச்சு. எடுத்துக்கட்டும்."

அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். வெறும் வீடு, இழப்பதற்கு ஒன்றுமில்லாத வீடு என்று நினைத்ததால் மற்ற எல்லோரையும்விடத் தாராளமாகக் கேட்டாள். போகும்போது கேட்டாள், வரும்போது கேட்டாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். ஃபேன் சத்தம் போனது. பாத்திரச் சத்தம் போனது. அவள் குரலே அந்த வீட்டிலிருந்து போயிருந்தது. வீட்டில் வாயைத் திறக்காதவளுக்கு அது எந்த நாளில் போனது என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது வேதாசலம் குளியலறையில் விழுந்து கிடந்தான். எப்போது விழுந்தானோ, கீழே நனைந்திருந்த வேட்டி மேலே காய்ந்திருந்தது. கையில் பித்தளைச் சொம்பு. அதன் விளிம்பு முழுக்க நசுங்கி, சுவரில் காரை பெயர்ந்து விழுந்திருந்தது. அத்தனை முறை அடித்திருக்கிறான். நடுவில் ஒரே சுவர்தான், அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டு அம்மா அன்று முழுக்க உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

தவமணி கதறினாள். கதறியது அவளுக்கே கேட்கவில்லை. தன் நெஞ்சு அதிர்வதை வைத்துத்தான் தான் கதறுகிறோம் என்று தெரிந்துகொண்டாள். அவனைத் தூக்கி நிமிர்த்தியபோது அவள் கழுத்தில் தொங்கிய இயர்போன் அவன் கைக்கு வந்தது. அவன் அதைக் காதில் வைத்தான். போனில் அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. "தவம், துணிய எடுத்துடு." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம், அவன் கழுத்து ஓட்டையில் மூச்சு வந்து போகிற சத்தம். ஓசை என்று சொல்லக்கூட முடியாத ஓசை. ரயிலில் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு சிரிக்கும்போதும் அழும்போதும், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஸ்ஸ் என்ற சத்தம் வருவதையும் போவதையும் கேட்டாள். அதுவும் அவன் குரல்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவள்தான் அதைச் சத்தமாக எண்ணவில்லை.

விழுந்தவன் எழவில்லை. வியாதி மறுபடி வந்து, இந்த முறை நுரையீரலில் உட்கார்ந்திருந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மெர்சி தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தவமணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள்.

ஒரு காலையில் வேதாசலம் தன் காதைத் தொட்டுக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் கழுத்தைக் காட்டி, காற்றைக் காட்டி, இதுவும் போய்விடும் என்று கையாலேயே சொன்னாள். அவன் மறுபடி காதைத் தொட்டான். சாகிற மனுஷன் தன் குரலை ஒருமுறை கேட்க ஆசைப்படுகிறான், தான் மட்டும் அத்தனை மாதம் கேட்டு அனுபவித்துவிட்டு இவனுக்கு இல்லை என்பதா என்று அவளுக்குத் தோன்றியது. பானையிலிருந்து எடுத்து, துடைத்து, தன் போனில் சொருகி அவன் காதில் வைத்தாள்.

அவன் தலையை ஆட்டினான். இது இல்லை. மெல்லக் கையை நகர்த்தித் தலையணைக்கு அடியிலிருந்து தன் சொந்த போனை எடுத்தான். ஒயரைக் கழற்றி அதில் சொருகினான். விரலால் எதையோ தேடி அழுத்திவிட்டுக் கண்ணை மூடினான்.

அவன் முகம் இளகிப்போனது. என்ன கேட்கிறான் என்று தெரியாமல் அவள் ஒரு பக்கத்தை மெதுவாக உருவித் தன் காதில் வைத்தாள்.

"போட்டுட்டேங்க." "ரவை வாங்கிட்டேன், கூட ரெண்டு வாழைப்பழமும் வாங்கிட்டேன்." "எடுத்துட்டேன், எடுத்துட்டேன், நீங்க நனையாம வாங்க."

அவளுடைய குரல். அவன் சொன்னதற்கெல்லாம் அவள் திருப்பிச் சொன்ன பதில்கள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுவது தனியாக, ரமீஜா சிரிப்பது தனியாக, அவள் குரல் தனியாக. எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள் அந்தப் பெண்!

பேச்சை இழந்தவனுக்குக் காது இருந்தது. அதை அவள் நினைக்கவே இல்லை. உள்ளறைக் கட்டிலில் கிடந்து இத்தனை மாதம் அவன் காத்திருந்தது அவள் ஏதாவது பேசமாட்டாளா என்றுதான். அவளோ அவன் பழைய குரலுக்காகத் தன் குரலையே அந்த வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்துத் துணி அசைந்தது. ஆனால் அந்த ஸ்ஸ் என்ற சத்தம் இல்லை.

தவமணி தெருவுக்கு ஓடினாள். நிலைப்படியைத் தாண்டியதும் அவள் கத்தல் அவள் வாயிலிருந்து வெடித்து வந்தது. "யாராச்சும் வாங்களேன்! ஒரு கை புடிங்களேன்! அவரை வெளிய தூக்கணும்!"

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவனைப் பார்ப்பதற்காக ரயிலேறி வந்திருந்த மெர்சியும் சந்திரலேகாவும் அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஓடி வந்தார்கள், புளிக்கையோடு பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தாள். கட்டிலோடு அவனைத் தூக்கினார்கள். தவமணி அவன் முகத்தருகே குனிந்து, கையால் வாசலைக் காட்டிக் கேட்டாள். ஊர் பார்க்கட்டும் என்பதுபோல அவன் கண்ணை மூடித் திறந்தான். உள்ளே சத்தமில்லாமல் வந்த கட்டில், வாசலைத் தாண்டியதும் நாலு காலும் கிரீச்சிட்டது. வேப்பமரத்து நிழலில் இறக்கிவைத்தார்கள்.

தெருவில் வழக்கமான இரைச்சல். வாய்ப்பாடு, குக்கர், ஒரு சண்டை, ஒரு கல்யாணப் பேச்சு. அதற்கு நடுவே அவன் மூச்சு எங்கே கேட்கும்? தவமணி அவன் கழுத்தருகே காதை வைத்து, கேட்காமல், நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். மெர்சிதான் உதட்டில் விரலை வைத்தாள். சண்டைக்காரர்கள் பாதி வார்த்தையில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் நிறுத்தினார்கள். ஒருத்தி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். மணல் லாரிக்காரன் தெருவைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

அப்போது கேட்டது. ஸ்ஸ் என்று வந்தது, போனது, வந்தது. தெருவே அதைக் கேட்டது.

அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பெரிதாக எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இன்னாங்க, கறிவேப்பிலைச் செடி நல்லா வந்துடுச்சுங்க. ரமீஜா புள்ளைக்கு ஜொரம் வுட்டுடுச்சு. எனக்குச் சம்பளம் ஏத்தறேன்னு சொல்லிக்கிறாங்க. அந்தப் பச்சைப் புடவையை நீங்க எடுத்துக் கொடுத்த நாள்லேர்ந்து ஒரு தடவைதாங்க கட்டினேன், பொங்கலுக்குக் கட்டிக்கிறேன். நான் பேசாம இருந்துட்டேங்க. தெரியாம இருந்துட்டேன். இப்ப பேசறேன், கேளுங்க." மூச்சு வந்தது. நின்று, மறுபடி வந்தது. அவன் உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது என்று பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னாள்.

அப்புறம் மூச்சு வரவில்லை. தெருவில் அத்தனை பேருக்கும் அது தெரிந்தது, ஏனென்றால் அத்தனை பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் அழ ஆரம்பிக்கவில்லை. தவமணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மோட்டார் போட்டதைச் சொன்னாள், ரவை வாங்கியதைச் சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னாள். அவள் முடிக்கட்டும் என்று அந்தத் தெரு காத்திருந்தது.